முந்நூற்றுப் பதினெட்டு மைக்ரோகிராம்

மார்ச் 5

அக்கா,

மார்ச் 3, மாலை 5 மணி 42 நிமிடம். உன் பாரில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 318 மைக்ரோகிராம் நுண்துகள். அனுமதிக்கப்பட்ட அளவு 50. உள்ளே இருந்தவர்கள் எட்டுப் பேர்: குடிக்க வந்தவர்கள் நால்வர், உன்னையும் சேர்த்து வேலையாட்கள் மூவர், நான்.

இதைக் கடிதத்தில் எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம் நீ போனை எடுக்காததுதான். பதினொரு முறை கூப்பிட்டேன். தாளைக் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய் என்று எழுதுகிறேன்.

நான் செய்தது என் வேலை. ஜனவரி 1 முதல் எந்த பாருக்குள்ளும் யாரும் புகைக்கக் கூடாது. யாரும் கையும் களவுமாகச் சிக்கமாட்டார்கள். எங்களைப் பார்த்ததும் அணைத்துவிடுவார்கள். அதனால்தான் சுகாதாரத் துறை எங்கள் கையில் மீட்டரைக் கொடுத்திருக்கிறது. ஆள் பொய் சொல்லலாம், காற்று சொல்லாது. 50-ஐத் தாண்டினால் உள்ளே புகைத்திருக்கிறார்கள், பொறுப்பாளர் தடுக்கவில்லை என்று பொருள். பொறுப்பாளர் பெயரில் நோட்டீஸ். அன்றைக்குப் பொறுப்பாளர் நீ. படிவத்தில் அக்கா, தம்பி என்று எழுத இடம் கிடையாது.

உன் தெரு என் பட்டியலில் வந்தது தற்செயல். வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் காரணம் கேட்பார்கள்.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வேலை முடிஞ்சதில்ல, கிளம்புங்க சார்" என்றாய். அந்த 'சார்' தேவையில்லாதது.

விசாரணை ஏப்ரல் 2, காலை பத்து மணி. தப்பை ஒப்புக்கொண்டால், முதல் தடவை என்பதால், உன் பொறுப்பாளர் அட்டையை இரண்டு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம் முடக்குவதோடு விடக்கூடும். ஒப்புக்கொள். இதைத் தம்பியாகச் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 9

ஸ்பானர்,

ரேடியோ, மிக்சி, அம்மாவின் தையல் மெஷின் என்று கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப்போட்டதால் உனக்கு வந்த பெயர். அதில் பாதியைத் திரும்பப் பூட்டியதில்லை என்பதையும் இந்த வீடு மறக்கவில்லை.

'சார்' தேவையில்லாததா? அதற்கு முன்னால் நீ என்ன கேட்டாய்? என்னிடம் வேலை பார்க்கிற இரண்டு பேர் பக்கத்தில் நிற்க, பேனாவைத் திறந்து படிவத்தில் வைத்துக்கொண்டு, "மேடம், உங்க பேர் சொல்லுங்க" என்றாய். நானும் சொன்னேன். எழுதிக்கொண்டாய். நீ முதன்முதலில் பேசிய வார்த்தை அந்தப் பேர்தான்டா; அக்கா என்று கூப்பிட உனக்கு நாலு வயதாயிற்று.

என்னிடம் வேலை பார்க்கிற பெண் நீ போனதும் கேட்டாள்: "அக்கா, அந்த ஆள் உங்க ஜாடையா இருக்காரே?"

"அரசாங்க ஆளுங்க எல்லாரும் ஒரே ஜாடைதான்" என்றேன்.

சரி, அது போகட்டும். அன்று யாரும் புகைக்கவில்லை. அந்த நாலு பேரையும் எனக்குத் தெரியும். இரண்டு பேருக்குப் பழக்கமே கிடையாது. மூன்றாமவர் வக்கீல், வெளியே போய் இழுத்துவிட்டு வருகிறவர். நாலாவது ஆள் அப்போதுதான் வந்து உட்கார்ந்தான்.

சட்டம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். அதை உள்ளே நடத்திக்காட்டுவது என்ன பாடு என்று உனக்குத் தெரியுமா? டிசம்பர் 31 அன்று நாற்பத்தாறு ஆஷ்ட்ரேக்களை மூட்டை கட்டினேன். மறுநாள் பாட்டில் மூடியில் தட்டினார்கள். மூடிகளைக் கையோடு பொறுக்கினேன். சாஸரில் தட்டினார்கள். சாஸரை எடுத்தேன். ஒருத்தன் தன் செருப்பிலேயே தட்டினான். வக்கீல் எழுந்து நின்று வாதாடினார்:

"ஏம்மா, ஈரல் என் ஈரல். அது கெட்டுப்போக நீயே ஊத்திக் குடுக்குற. நுரையீரலும் என்னுதுதானே, அதுக்கு மட்டும் என்ன தடை?"

"ஈரலை நீங்க தனியாக் கெடுத்துக்கறீங்க. நுரையீரலை எங்களோடதையும் சேர்த்துல்ல கெடுக்கறீங்க?"

பார் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே வெளியே போனார். வெளியே போனால் கிளாஸை எடுத்துவிடுவார்கள், நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவான் என்பதுதான் எல்லாருக்கும் பயம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடிவிட்டுப் போக வேண்டும். மூடியிருந்தால் அந்த இடத்தை யாரும் தொடக்கூடாது. இந்தத் தெருவில் இப்போது ஐந்து பாரிலும் அதுதான் வழக்கம். மழை பெய்தால் என் குடையைக் கொடுத்து அனுப்புகிறேன். வாடிக்கை பாதியாகிவிட்டது என்று முதலாளி தினமும் பாட்டுப் பாடுகிறார். கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் செய்தவளை ஒப்புக்கொள் என்கிறாய். இரண்டு வருடம் அட்டை இல்லையென்றால் எந்த பாரிலும் நான் கவுன்டருக்கு உள்ளே நிற்க முடியாது. ஆறு மாதம் என்றாலும் முதலாளி எனக்காகக் கிளாஸை மூடி வைத்துக் காத்திருக்கமாட்டார். நாற்பத்தொரு வயதில் எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

செய்யாததை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அக்கா


மார்ச் 12

அக்கா,

பாட்டில் மூடி, குடை எல்லாம் சரி. அதில் எதுவும் எண்ணை மாற்றாது.

மீட்டர் பிப்ரவரி 20 அன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. உன் பாருக்கு வந்த அன்று காலையும் அது சுத்தமான காற்றில் சுழி காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். உன் வாசலுக்கு வெளியே 19 காட்டியது. உள்ளே 318. வெளியே 19, உள்ளே 318 என்றால் உள்ளே ஏதோ எரிந்திருக்கிறது. உனக்குத் தெரியாமல் பின் அறையில் யாராவது இழுத்திருக்கலாம். கண்ணை விட மீட்டரை நம்பு என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பெயரை அவரவர் வாயால் சொல்ல வேண்டும் என்பது விதி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது சொல்லித் தெரிவதை விட நல்லது. அலுவலகத்தில் நீ ஹோட்டல் மேனேஜர் என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம் யாரோ கேட்டார்கள், வாயில் வந்துவிட்டது. பிறகு மாற்ற முடியவில்லை. அன்று உன் பேரைக் கேட்டது விதிக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். என்னோடு வந்த டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

தம்பி


மார்ச் 16

ஸ்பானர்,

ஹோட்டல் மேனேஜரா? எத்தனை ரூம்? நீச்சல் குளம் உண்டா? அம்மாவிடம் சொன்னேன். "சம்பளம் கூடியிருக்குமேடி" என்றாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கவுன்டரில் இருபத்திரண்டு வருடம் நின்ற சோடா அண்ணனை நீ பார்த்ததில்லை. சாராயம் ஊற்றுகிற வேலை, குடிப்பது வெறும் சோடா. அதனால் அந்தப் பேர். வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. அடுத்தவன் விட்ட புகையை மட்டும் இருபத்திரண்டு வருடம் இழுத்தார். இப்போது வீட்டில் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பத்து அடி. நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள. ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். "இப்ப கவுன்டர்லேருந்து மறுபக்கச் சுவர் தெரியுதாமே?" என்று கேட்டார். "தெரியுதுண்ணே, பெயின்ட் உரிஞ்சு கிடக்குறதும் தெரியுது" என்றேன். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அவர் பெண் என்னை முறைத்தாள்.

இந்தச் சட்டம் உன் துறைக்கு இந்த வருடம் வந்தது. எனக்கு அந்த நாற்காலியைப் பார்த்த அன்றே வந்துவிட்டது. நான் உள்ளே புகைக்க விடுவேன் என்று நீ நினைக்கிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மீட்டர் பற்றி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீ உள்ளே வந்தபோது வெயிலில் வந்திருந்தாய், உதடு காய்ந்திருந்தது. கிளாஸ் எல்லாம் கழுவுகிற மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தபின் இரண்டு நிமிடம் விட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி முகத்தில் அடிக்கும். நானே எல்லாரையும் அதற்குத் திட்டுகிறவள். அன்று பாதியிலேயே கதவை இழுத்து ஒரு கிளாஸ் எடுத்து, சூடு போக அலசி, தண்ணீர் ஊற்றி உன் மீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நீ அதைத் தொடவில்லை. பேனாவைத் திறந்தாய்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

உடனே பதில் வேண்டும். வேறு எதுவும் எழுதவேண்டாம், இரண்டே கேள்வி.

கழுவும் மெஷின் கதவுக்கும் மீட்டருக்கும் எத்தனை அடி? நீ கதவைத் திறந்தது நான் மீட்டரைப் போட்டதற்கு முன்பா, பின்பா?

தம்பி


மார்ச் 18

ஒன்றரை அடி. மெஷினுக்கு நேர் மேலே, கவுன்டர் பலகையில்தான் வைத்தாய். பின்பு.

என்னடா ஆச்சு?


மார்ச் 21

அக்கா,

ஆச்சு.

எங்கள் மீட்டர் துகளை எடை போடுவதில்லை. உள்ளே ஒரு லேசர் ஒளி. அதன் குறுக்கே எது போனாலும் ஒளி சிதறும். சிதறியதை எண்ணி எடையாக மாற்றிச் சொல்லும். புகையும் சிதறடிக்கும். ஆவியில் இருக்கிற நீர்த்துளியும் சிதறடிக்கும். அதற்கு வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டியது அதை வைக்கிறவனுக்கு. ஆவி, அடுப்பு, வாசல் இவற்றிலிருந்து பத்து அடி தள்ளி வை என்று கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு மனப்பாடம்.

நேற்று மீட்டரின் நிமிடவாரிப் பதிவை இறக்கிப் பார்த்தேன். 5:40-க்கு 21. 5:41-க்கு 24. 5:42-க்கு 318. 5:43-க்கு 140. 5:44-க்கு 47. 5:45-க்கு 23. அதோடு நிற்கிறது, ஏனென்றால் நான் அணைத்துவிட்டேன். மூடிய அறையில் சிகரெட் புகை கலைய ஒரு மணி நேரம் ஆகும். மூன்று நிமிடத்தில் கலைவது ஆவி. வீட்டில் வெந்நீர் வைத்துச் செய்துபார்த்தேன், அப்படியே அதே வளைவு.

விதிப்படி முப்பது நிமிடம் ஓடவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். நான் ஓடவிட்டது ஆறு நிமிடம். எடுத்தது உச்ச எண். அங்கிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று மட்டும்தான் அன்று எனக்கு இருந்தது.

உன் பாரின் காற்று சுத்தமாக இருந்தது. வாசலை விட இரண்டு எண்தான் அதிகம். இதுவரை நான் அளந்ததிலேயே மிகச் சுத்தமான பார் உன்னுடையது.

மேலதிகாரியிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். "தம்பி, இதுவரைக்கும் இருநூத்திப் பன்னிரண்டு நோட்டீஸ் குடுத்திருக்கோம். ஒண்ணு தப்புன்னு நீ எழுதிக் குடுத்தா, பார் முதலாளிகள் சங்கம் மீதி இருநூத்திப் பதினொண்ணையும் கிழிச்சுப் போடும். மீட்டரே செல்லாதுன்னு சட்டத்தையே தூக்கிடுவாங்க. உனக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியல, ஞாபகம் வெச்சுக்கோ. அந்தம்மா ஒத்துக்கட்டும். ஆறு மாசத்துல எல்லாம் மறந்துடும்" என்றார். அந்தம்மா யார் என்று அவரிடம் சொல்லவில்லை.

என்ன செய்வது என்று உன்னைக் கேட்கிறேன். இப்படி உன்னைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை.

மன்னிப்பு என்று எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன். அந்த வார்த்தை போதாது.

தம்பி


மார்ச் 24

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். லேசர் விஷயம் மூன்றாவது தடவைதான் புரிந்தது. உனக்குத் தண்ணீர் கொடுக்கப் போய் நானே என் தலையில் ஆவியை ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

தப்பு என்னுடையது. உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. மீட்டர் ஆவியைப் புகை என்று சொல்லிவிட்டதாம் என்று முதலாளியிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான் மலர்ந்தது. ஒரு மணி நேரத்தில் சங்கத்து வக்கீல் வந்து நிற்கிறார் (எங்கள் வக்கீல் இல்லை, இவர் கோட்டு போட்டவர்). "நீங்க விசாரணையில ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்மா. இந்த மெஷினுக்கு வெந்நீருக்கும் சிகரெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு. மீதிய நாங்க பாத்துக்கறோம். மழைக்காலத்துக்குள்ள சட்டம் போயிடும்" என்றார்.

அவர் போனதும் முதலாளி ஸ்டோர் ரூமில் மூட்டையைத் தேடினார். "அந்த ஆஷ்ட்ரே எல்லாம் எங்கம்மா வெச்சிருக்க?"

பழைய இரும்புக்காரனிடம் ஜனவரியிலேயே போட்டுவிட்டேன் என்றேன். புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்.

நான் யோசித்துவிட்டேன். ஒப்புக்கொள்ளப் போகிறேன். யாரோ பின் அறையில் இழுத்திருக்கிறார்கள், நான் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மீட்டரைப் பற்றி யாரும் கேள்வி கேட்க வழியில்லை. சங்கத்துக்குப் பிடி கிடைக்காது. உன் வேலையும் போகாது. எனக்கு ஆறு மாதம். வேறு ஏதாவது செய்துகொள்வேன். என்னிடம் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. அவள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வேண்டிய நாள் வரக்கூடாது. எனக்கு அதுதான் கணக்கு.

நீ எதுவும் எழுதிக் கொடுக்காதே. அக்கா சொல்கிறேன், கேள்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

கேட்கமாட்டேன்.

நீ சொல்வது நல்ல மனதோடு சொல்லும் தப்பான வழி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் கடிதம் வந்த அன்று மாலை என்னுடைய எல்லாச் சோதனைகளின் நிமிடவாரிப் பதிவையும் எடுத்தேன். ஜனவரியிலிருந்து முப்பத்தொரு பார். அதில் எட்டில் முப்பது நிமிடம் ஓடவிடவில்லை. உன்னுடையது ஒன்று. மீதி ஏழில் ஒரு நாள் மழை, ஒரு நாள் பசி, ஒரு நாள் பஸ், மற்ற நான்கு நாளில் காரணமே இல்லை; எண் ஏறியதைப் பார்த்ததும் போதும் என்று எடுத்துவிட்டேன். ஏழிலும் நோட்டீஸ். அந்த ஏழு பேரில் சிலர் நிஜமாகவே உள்ளே புகைக்க விட்டிருக்கலாம். சிலர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாமல் ஏழு பேரின் அட்டையில் கை வைத்திருக்கிறேன். அவர்களுக்குத் துறையில் தம்பி கிடையாது, கடிதம் எழுதிக் கேட்க.

நீ ஒப்புக்கொண்டால் என் தப்பு புதைந்துபோகும் என்று நினைக்கிறாய். சங்கத்து வக்கீலுக்கு இப்போதே தெரியும். நீ வாய் மூடினாலும் அடுத்த பாரில் அவரே ஒரு கெட்டிலைக் கொண்டுபோய் வைத்துக் காட்டுவார். அன்று துறைக்கு முன்பே தெரியும், மறைத்தார்கள் என்று வந்தால், அதற்குப் பிறகு எந்த மீட்டரையும் எவரும் நம்பமாட்டார்கள். இப்போது நாமே சொன்னால் போவது எட்டு நோட்டீஸ், ஒரு அதிகாரி. அப்போது சொன்னால் சட்டமே போகும். இது பாசத்தில் வந்த யோசனை இல்லை. எளிய கழித்தல்.

எனக்கு வேலை போகலாம். அதைப் பற்றி நீ எழுதாதே. பொய்யான ஒரு ஒப்புதலின் மேல் நின்றுகொண்டு நான் இன்னொரு பாருக்குள் மீட்டரோடு போக முடியாது. போனால் என்னையே எனக்கு அளக்கத் தெரியாது.

சண்டை பிடிக்க வேண்டுமென்றால் ஏப்ரல் 2-க்குப் பிறகு பிடி. அதுவரை நான் செய்யப்போவது:

1. மார்ச் 30, காலை 9 மணி. உன் நோட்டீஸைத் திரும்பப் பெற ஒரு பக்கக் கடிதம், ஆறு நிமிடப் பதிவும் இணைத்து. மேலதிகாரி வாங்காவிட்டால் அன்றே பதிவுத் தபாலில் விசாரணை அதிகாரிக்கு நேராக.

2. அதே கடிதத்தில் மற்ற ஏழு பாரின் விலாசம், தேதி, ஓடவிட்ட நிமிடங்கள். ஏழு பேருக்கும் தனித்தனியாகத் தபால், என் கையெழுத்தில்.

3. எட்டு இடத்தையும் மறுபடி அளக்கக் கேட்பேன். என்னை வைத்து வேண்டாம். வேறு ஆள், முன்கூட்டிச் சொல்லாமல், கூட்டமான நாளில், முழு முப்பது நிமிடம். உன் பாரில் 50-ஐத் தாண்டினால் நோட்டீஸ் அப்படியே இருக்கும், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

4. விசாரணையில் கோட்டுப் போட்ட வக்கீல் "மீட்டர் தப்புதானே?" என்று கேட்பார். "மீட்டர் சரி. வெச்சவன் தப்பு" என்பேன். அவர் எத்தனை விதமாகக் கேட்டாலும் இதே நான்கு வார்த்தை.

5. நீ ஏற்கெனவே ஒப்புதல் எழுதிக் கொடுத்திருந்தால் அது பொய் என்று எழுந்து சொல்வேன். அதற்காக நீ என்னோடு எத்தனை வருடம் பேசாமல் இருந்தாலும் சரி.

6. ஏப்ரல் 2, காலை பத்து மணி. நீ எனக்கு என்ன உறவு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன். நீ வந்தால் முன்வரிசையில் உட்காராதே, உன் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. பின்னால், கதவோரமாக உட்கார். ஆனால் வா.